கையெழுத்து வேறு, மார்ஜின் வேறு



முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்னாடி வர்ற கடைசி சுவர் இதழ் இது. எனக்கு வழக்கமா அரை சார்ட் தான் கிடைக்கும். இந்தத் தடவை கெஞ்சி ரெண்டு முழு சார்ட் வாங்கியிருக்கேன். கோடு போட்டுக் கொடுத்த என் பெஞ்ச் தோழிக்கு முதல் நன்றி. தலைப்பைப் பார்த்துட்டு "கையெழுத்துப் போட்டி பத்திய கட்டுரை போல" என்று நினைச்சு நகர்ந்துடாதீங்க. இது கம்ப்யூட்டர் பத்தின கட்டுரை. கம்ப்யூட்டர் பிடிக்காதவங்களும் படிக்கலாம், ஏன்னா இதுல ஒரு சண்டையும் இருக்கு, ஒரு மன்னிப்பும் இருக்கு.

முதல்ல நம்ம சுவர் இதழையே எடுத்துக்குவோம். இதுக்கு என்ன விதி? இடது பக்கம் ரெண்டு விரல் மார்ஜின். தலைப்பு சிவப்பு மை, உள்ளே நீல மை. ஸ்கெட்ச் பேனா படத்துக்கு மட்டும். பேர் கடைசியில, வகுப்பு அதுக்குக் கீழே. இந்த விதியை யார் போட்டதுன்னு யாருக்கும் தெரியாது. நம்ம பள்ளி ஒன்றிய நடுநிலைப் பள்ளியா இருந்த காலத்துலேயே இது இருந்துச்சுன்னு டீச்சர் சொல்வாங்க. இதை யாரும் எதிர்த்துச் சண்டை போட்டதில்லை. மார்ஜின் ஒண்ணா இருக்கறதால, யார் எழுதினாலும் படிக்கிறவங்க கண்ணு தடுமாறாம எழுத்துல போய் நிக்குது.

இதே மாதிரி ஒரு விதி நம்ம கம்ப்யூட்டர் ஆய்வகத்துலேயும் வேணும் என்பதுதான் என் கருத்து. அதை மனுஷங்க வாயால திட்டி நடத்தாம, மெஷின் தானே நடத்தணும் என்பது என் ரெண்டாவது கருத்து. ஏன்னு சொல்றேன்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928-ல் அதே தேதியில சர் சி.வி.ராமன் தன் கண்டுபிடிப்பை அறிவிச்சதால அந்த நாளைக் கொண்டாடறோம். நம்ம பள்ளிக் கண்காட்சிக்கு நாங்க நாலு பேர் சேர்ந்து பைத்தான் மொழியில ஒரு வினாடி வினா செஞ்சோம். பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருத்தர், நான், என் பெஞ்ச் தோழி, எட்டாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி. அஞ்சு கேள்வி. பதில் சொன்னா கம்ப்யூட்டர் மதிப்பெண் போடும். அவ்வளவுதான். பெரிய விஷயம் இல்லைன்னு நீங்க சொல்லலாம். எங்களுக்குப் பெரிய விஷயம்தான்.

பைத்தான் தெரியாதவங்களுக்காக ஒரு வார்த்தை. சில மொழிகள்ல ஒரு வேலை எங்கே தொடங்கி எங்கே முடியுதுன்னு காட்ட அடைப்புக்குறி போடுவாங்க. பைத்தான்ல அது கிடையாது. வரியை எவ்வளவு உள்ளே தள்ளி எழுதறோமோ அதை வெச்சுத்தான் கம்ப்யூட்டர் புரிஞ்சுக்கும். இதுக்கு உள்தள்ளல்னு பேர். எங்க நிரலைத் தமிழ்ல எழுதினா இப்படி இருக்கும்:

ஒவ்வொரு கேள்விக்கும்:
    கேள்வியைக் காட்டு
    பதிலை வாங்கு
    பதில் சரியா இருந்தால்:
        மதிப்பெண்ணில் 1 கூட்டு
மதிப்பெண்ணைக் காட்டு

"ஒவ்வொரு கேள்விக்கும்" என்பதற்குக் கீழே உள்ளே தள்ளி இருக்கிற பகுதி அஞ்சு தடவை நடக்கும். கடைசி வரி ஓரத்துல இருக்கறதால ஒரே தடவை நடக்கும். புரிஞ்சுதா? புரியலைன்னா இன்னொரு தடவை படிச்சுட்டுக் கீழே வாங்க. அவசரம் இல்லை.

கண்காட்சிக்கு முதல் நாள் எங்க வேலையைச் சேர்த்தோம். மணி அடிச்சதால ஓட்டிப் பார்க்க நேரம் இல்லை. மறுநாள் காலையில தங்கச்சி சிஸ்டத்துல உட்கார்ந்து, எழுத்துப் பிழை இருந்த ஒரு கேள்வியைத் திருத்தினா. அப்புறம் ஓட்டினோம். சிவப்பு எழுத்துல "டேப் எரர்" என்று வந்துச்சு. டேப்பும் ஸ்பேஸும் கலந்திருக்குன்னு அர்த்தம். திரையில பார்த்தா எல்லா வரியும் அழகா ஒரே நேர்கோட்டுல நிக்குது. என்ன தப்புன்னு கண்ணுக்குத் தெரியலை. வெளியில ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க வரிசையில நிக்கிறாங்க.

அண்ணன் தங்கச்சியைப் பார்த்து, "நீ தொட்டதும்தான் கெட்டுச்சு. உன் நோட்டு மாதிரியே உன் கோடும் அசிங்கமா இருக்கு. அந்த ரெண்டு வரியையும் அழிச்சுட்டு நேரா அடி"ன்னார். அவ கை நடுங்க பேக் ஸ்பேஸ் அடிச்சு, ரெண்டு வரியையும் மறுபடி அடிச்சா. எரர் போயிடுச்சு. எல்லாரும் மூச்சு விட்டோம்.

ஆனா அவ அவசரத்துல அடிச்சது இப்படி:

ஒவ்வொரு கேள்விக்கும்:
    கேள்வியைக் காட்டு
    பதிலை வாங்கு
பதில் சரியா இருந்தால்:
    மதிப்பெண்ணில் 1 கூட்டு
மதிப்பெண்ணைக் காட்டு

வித்தியாசம் தெரியுதா? பதில் சரியான்னு பார்க்கிற வரி ஓரத்துக்கு வந்துடுச்சு. இப்போ கம்ப்யூட்டர் அஞ்சு கேள்வியும் கேட்கும், ஆனா கடைசிப் பதிலை மட்டும்தான் திருத்தும். எரர் எதுவும் வராது. கம்ப்யூட்டர் கணக்குப்படி அதுவும் சரியான நிரல்தான்.

முதல்ல வந்த ஆறாம் வகுப்புத் தம்பி அஞ்சுக்கும் சரியாப் பதில் சொன்னான். திரையில "மதிப்பெண் 1" என்று வந்துச்சு. அவன் என்னைப் பார்த்து, "அக்கா, நான் நாலு தப்பா சொல்லிட்டேனா?"ன்னான். அவன் மெஷினைச் சந்தேகப்படலை. தன்னைத்தான் சந்தேகப்பட்டான். அதுதான் எனக்கு இன்னும் மனசுல நிக்குது. ரெண்டாவதா வந்த பிள்ளைக்கு 0 வந்தப்போதான் எங்களுக்கே உறைச்சது. நிறுத்திட்டோம். அந்தத் தம்பியைத் தேடிப் போய், "நீ அஞ்சுக்கு அஞ்சு"ன்னு சொன்னேன். சிரிச்சான். ஆனா அவன் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பான்னு தெரியாது.

பழி தங்கச்சி மேல விழுந்துச்சு. மறு வாரத்துல இருந்து அவ ஆய்வகத்துக்கு வரலை. கேட்டா, "எனக்கு டைப்பிங் வராதுக்கா, நான் தையல் வகுப்புக்குப் போறேன்"னா.

இப்போ மன்னிப்புக்கு வர்றேன். ரெண்டு வாரம் கழிச்சு எங்க கம்ப்யூட்டர் டீச்சர் பென் டிரைவ்ல இருந்த பழைய கோப்பைத் திறந்தாங்க. நாங்க பயன்படுத்தின எடிட்டர் விஷுவல் ஸ்டுடியோ கோட். அதுல வியூ மெனுவுல அப்பியரன்ஸ் உள்ளே போய் "ரெண்டர் ஒயிட்ஸ்பேஸ்" என்று ஒண்ணு இருக்கு. அதைப் போட்டா ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு புள்ளியாத் தெரியும். மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வெச்ச மாதிரி. டேப் அடிச்ச இடம் மட்டும் அம்புக்குறியாத் தெரியும். பார்த்தா எல்லா வரியிலும் புள்ளி, ரெண்டே ரெண்டு வரியில அம்பு. அந்த ரெண்டு வரியும் நான் எழுதினது.

நடந்தது இதுதான். அன்னிக்கு எனக்குக் கிடைச்ச சிஸ்டத்துல அந்த எடிட்டர் இல்லை. நோட்பேடுல அடிச்சேன். நோட்பேடுல டேப் கீயைத் தட்டினா நிஜமான டேப் விழும். மத்தவங்க அடிச்ச எடிட்டர் அதே டேப் கீக்கு நாலு ஸ்பேஸ் போடும். அந்த எடிட்டர்ல திறந்தப்போ என் ஒரு டேப்பும் அவங்க நாலு ஸ்பேஸும் ஒரே அகலமாத் தெரிஞ்சதால எங்க நாலு ஜோடிக் கண்ணும் ஏமாந்துச்சு. பைத்தான் ஏமாறலை. பைத்தான் 3 இப்படிக் கலந்து எழுதினதைப் பார்த்து எதை எதோட சேர்க்கறதுன்னு ஊகிக்காம நின்னுடும். அது நல்லதுதான். ஊகிச்சிருந்தா இன்னும் மோசம்.

ஆக, முதல் தப்பு என்னுது. திட்டு வாங்கினது அவ. இதைச் சுவர்ல எழுதறதுக்கு முன்னாடி அவகிட்ட நேர்ல போய்ச் சொன்னேன். அவ ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் "சரிக்கா"ன்னா. அவ்வளவுதான். அண்ணனும் சேதி கேட்டுட்டு வந்து அவகிட்ட "ஸாரிம்மா" சொன்னார். அதையும் எழுதணும், இல்லைன்னா அவரைப் பத்தி நீங்க தப்பா நினைப்பீங்க.

சரி, தப்பு யாருதுன்னு கண்டுபிடிச்சாச்சு, கதை முடிஞ்சுதான்னா, இல்லை. நான் யோசிச்சேன். நான் கெட்டவளும் இல்லை, அண்ணன் கெட்டவரும் இல்லை, தங்கச்சிக்கு டைப்பிங் வராமலும் இல்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு கோப்புல எழுதினோம், ஆனா எப்படி எழுதறதுன்னு ஒரு விதி இல்லை. விதி இல்லாத இடத்துல என்ன நடக்கும்? சின்னவங்க மேல பழி விழும். வீட்டுலேயும் அப்படித்தான், ஆய்வகத்துலேயும் அப்படித்தான்.

உலகத்துல பெரிய பெரிய ஆளுங்களுக்கே இந்தப் பிரச்சினை வந்திருக்குன்னு டீச்சர் சொன்னாங்க. 2014 பிப்ரவரியில ஆப்பிள் கம்பெனி தன்னோட ஐபோனுக்கு அவசரமா ஒரு திருத்தம் வெளியிட்டது. இணையத்துல நாம பேசற இடம் உண்மையான இடம்தானான்னு சோதிக்கிற நிரல்ல ஒரே வரி ரெண்டு தடவை விழுந்திருந்தது. "தோல்விக்குப் போ" என்கிற மாதிரி ஒரு வரி. அது எழுதினது சி மொழியில. சி மொழிக்கு உள்தள்ளல் முக்கியம் இல்லை, அடைப்புக்குறிதான் முக்கியம். அங்கே அடைப்புக்குறி போடலை. அதனால முதல் வரி மட்டும் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. ரெண்டாவது வரி எப்பவுமே நடந்தது, மீதிச் சோதனையெல்லாம் நடக்காமலே தாண்டிப் போயிடுச்சு. ஆனா ரெண்டு வரியும் ஒரே மாதிரி உள்ளே தள்ளி இருந்ததால படிக்கிறவங்க கண்ணுக்கு ரெண்டும் நிபந்தனைக்குள்ளே இருக்கிற மாதிரியே தெரிஞ்சுது. அந்த நிரலை ஒழுங்குபடுத்தற கருவி ஒண்ணுல போட்டிருந்தா, ரெண்டாவது வரியை இடது பக்கம் இழுத்து விட்டிருக்கும். "இது மட்டும் ஏன் வெளியே நிக்குது?"ன்னு யாராவது கேட்டிருப்பாங்க. பிறகு 2016-ல் வந்த ஜிசிசி 6 என்கிற மொழிமாற்றி இந்த மாதிரி ஏமாத்தற உள்தள்ளலுக்குன்னே ஒரு எச்சரிக்கையைச் சேர்த்துச்சு.

பெரிய கம்பெனிக்கு வந்தது எங்க நாலு பேருக்கு வராதா?

இப்போ எதிர்க்கட்சி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். நான் வகுப்புல இதைச் சொன்னப்போ மூணு பேர் மூணு விதமா எதிர்த்தாங்க. மூணும் நல்ல கேள்வி.

முதல் கேள்வி: "ஒவ்வொருத்தருக்கும் ஒரு பாணி இருக்கும். எல்லாரையும் ஒரே அச்சுல போடறது சரியா?"

இதுக்குத்தான் தலைப்புலேயே பதில் எழுதியிருக்கேன். கையெழுத்து வேறு, மார்ஜின் வேறு. என் கட்டுரையும் என் தோழி கவிதையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டியிருக்கு. ரெண்டுக்கும் மார்ஜின் ஒண்ணு. அதனால ரெண்டு பேரும் ஒரே ஆள் ஆயிட்டோமா? கணக்கை எப்படிப் போடணும், எந்த வழியில தீர்க்கணும், மாறிக்கு என்ன பேர் வைக்கணும், இதெல்லாம்தான் நம்ம பாணி. நாலு ஸ்பேஸா டேப்பா என்பது பாணி இல்லை. அது மார்ஜின். பைத்தானுக்கு 2001-லேயே பெப் 8 என்று ஒரு எழுத்து நெறி வந்துடுச்சு. அதை எழுதினவங்கள்ல பைத்தானை உருவாக்கின கைடோ வான் ரோஸமும் ஒருத்தர். நிரலை எழுதற நேரத்தைவிடப் படிக்கிற நேரம்தான் அதிகம் என்பது அதுல இருக்கிற அடிப்படைக் கருத்து. அது சொல்றது நாலு ஸ்பேஸ். ஆனா லினக்ஸ் கருவுக்கு எழுதறவங்க எட்டு அகல டேப்தான் போடணும். 2009-ல் கூகுள் வெளியிட்ட கோ மொழியிலேயும் டேப்தான். அப்போ எது சரி? அந்தந்த வீட்டுல அந்தந்த விதி. ஒரே வீட்டுல ரெண்டு விதி இருந்தாத்தான் சண்டை.

கோ மொழிக்காரங்க ஒரு நல்ல காரியம் செஞ்சாங்க. மொழியோடவே கோஃபம்ட் என்று ஒரு ஒழுங்குபடுத்தும் கருவியையும் கொடுத்துட்டாங்க. அது போடற பாணி யாருக்குமே ரொம்பப் பிடிச்ச பாணி இல்லையாம். ஆனா அந்தக் கருவி எல்லாருக்கும் பிடிக்குமாம், ஏன்னா சண்டை நின்னு போச்சு. இதைக் கேட்டதும் எனக்கு நம்ம பள்ளிச் சீருடை ஞாபகம் வந்துச்சு. அந்தக் கலர் யாருக்குப் பிடிக்கும்? ஆனா காலையில "இன்னிக்கு என்ன போடறது"ன்னு யாரும் அழறதில்லை.

ரெண்டாவது கேள்வி: "மெஷினே எல்லாத்தையும் நேராக்கிட்டா நாம எப்படிக் கத்துக்கறது?"

இது ரொம்ப நியாயமான பயம். நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஆனா சோதிச்சுப் பார்த்தேன். பைத்தானுக்கு பிளாக் என்று ஒரு கருவி இருக்கு. 2018-ல் வந்தது. எங்க நிரலைக் கெடுத்து வெச்சு அதுகிட்ட கொடுத்தேன். கூட்டல் குறிக்குப் பக்கத்துல இடைவெளி விடாம இருந்ததைச் சரி பண்ணுச்சு. ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள் கலந்து இருந்ததை இரட்டையா மாத்துச்சு. ரொம்ப நீளமான வரியை உடைச்சுச்சு. ரெண்டு செயற்கூறுக்கு நடுவுல ரெண்டு வெற்று வரி விட்டுச்சு. ஆனா தங்கச்சி அவசரத்துல ஓரத்துக்குக் கொண்டு வந்த அந்த வரி இருக்கே, அதைத் தொடவே இல்லை. அழகா, சுத்தமா, தப்பாவே விட்டுச்சு! ஏன்னா பைத்தான்ல உள்தள்ளல் என்பது அர்த்தம். அர்த்தத்தை மாத்த அதுக்கு அனுமதி இல்லை. மாத்தறதுக்கு முன்னாடி இருந்த நிரலும் மாத்தின பிறகு இருக்கிற நிரலும் ஒரே வேலையைத்தான் செய்யுதான்னு அது தானே ஒப்பிட்டுப் பார்த்துக்கும். டேப்பும் ஸ்பேஸும் கலந்த பழைய கோப்பைக் கொடுத்தா, "என்னால படிக்க முடியலை"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடும்.

அதனால யோசிக்கிற வேலை நம்ம தலையிலதான் இருக்கு. எந்த வரி எதுக்குள்ளே போகணும்னு நாமதான் கத்துக்கணும். ஓட்டிப் பார்த்துச் சோதிக்கறதும் நாமதான் செய்யணும். மெஷின் எடுத்துக்கறது சலிப்பான வேலையை மட்டும். கணக்கு நோட்டுக்குக் கோடு போட்ட நோட்டு வாங்கறோம். கோடு அச்சடிச்சே வருதுன்னு யாருக்காவது கணக்கு மறந்து போச்சா?

மூணாவது கேள்வி: "விதியைச் சார்ட்ல எழுதி ஆய்வகச் சுவர்ல ஒட்டிட்டா போதாதா?"

போதாது. "காலணிகளை வெளியே விடவும்" என்று ஒட்டியிருக்கு. எத்தனை பேர் விடறோம்? அப்புறம் யாராவது ஒருத்தர் தினமும் வாசல்ல நின்னு கத்தணும். கத்தறவங்க எப்பவும் பெரிய வகுப்பா இருப்பாங்க, கத்து வாங்கறவங்க எப்பவும் சின்ன வகுப்பா இருப்பாங்க. மெஷின் சொன்னா அப்படி இல்லை. அது பத்தாம் வகுப்பையும் ஒரே மாதிரி திருத்தும், எட்டாம் வகுப்பையும் ஒரே மாதிரி திருத்தும். அதுக்கு நோட்டு அழகா இருக்கறவங்க, இல்லாதவங்க என்கிற கணக்கு தெரியாது. "உன் கோடு அசிங்கமா இருக்கு" என்று அது சொல்லாது. நேராக்கிட்டுச் சும்மா இருக்கும். எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமான காரணம்.

சரி, எப்படிச் செய்யறது? டீச்சரோட சேர்ந்து நாங்க ஒரு சிஸ்டத்துல செஞ்சு பார்த்ததை வரிசையா எழுதறேன். செய்ய நினைக்கிறவங்க நோட்டுல குறிச்சுக்கோங்க.

1. முதல்ல பழைய கோப்புகளைச் சுத்தம் பண்ணணும். விஷுவல் ஸ்டுடியோ கோட் திரையோட கீழே வலது ஓரத்துல "ஸ்பேசஸ் 4" அல்லது "டேப் சைஸ் 4" என்று இருக்கும். அதைக் கிளிக் பண்ணினா "கன்வர்ட் இன்டென்டேஷன் டு ஸ்பேசஸ்" என்று ஒரு வழி வரும். அதை அழுத்தினா வரி முன்னாடி இருக்கிற டேப்பெல்லாம் ஸ்பேஸாயிடும். ஐடில் பயன்படுத்தறவங்களுக்கு ஃபார்மேட் மெனுவுல "அன்டேபிஃபை ரீஜன்" இருக்கு. முடிச்சதும் கட்டாயம் ஓட்டிப் பாருங்க.

2. பிளாக் ஃபார்மேட்டர் என்கிற துணை நிரலை ஒரு தடவை இறக்கணும். இதுக்கு மட்டும் இன்டர்நெட் வேணும், டீச்சர் அனுமதியும் வேணும். அப்புறம் நெட் இல்லாமலே வேலை செய்யும்.

3. "ஃபார்மேட் ஆன் சேவ்" என்கிற அமைப்பை இயக்கி, பைத்தானுக்கு பிளாக் தான் என்றும் குறிச்சுடணும். இனிமே கன்ட்ரோல் எஸ் அடிச்ச ஒவ்வொரு தடவையும் தானே ஒழுங்காகும். யாரும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம்.

4. இதுதான் முக்கியம். இந்த அமைப்பை அந்த சிஸ்டத்துல மட்டும் வெச்சா பிரயோஜனம் இல்லை. நமக்கு இன்னிக்கு ஒரு சிஸ்டம், நாளைக்கு வேற சிஸ்டம். அதனால "ஒர்க்ஸ்பேஸ்" என்கிற பகுதியில போடணும். அப்படிப் போட்டா நம்ம வேலை இருக்கிற ஃபோல்டருக்கு உள்ளேயே புள்ளி விஎஸ்கோட் என்று ஒரு சின்ன ஃபோல்டர் உருவாகி, அதுக்குள்ளே செட்டிங்ஸ் கோப்பா உட்கார்ந்துக்கும். பென் டிரைவ்ல ஃபோல்டரை முழுசா எடுத்துட்டுப் போனா விதியும் கூடவே வரும். போற சிஸ்டத்துல எடிட்டரும் பிளாக்கும் இருக்கணும், அவ்வளவுதான்.

5. ஒரு பொறி இருக்கு, ஜாக்கிரதை. அந்த எடிட்டர் ஒரு கோப்பைத் திறந்ததும் உள்ளே டேப் இருக்கா ஸ்பேஸ் இருக்கான்னு தானே ஊகிச்சு, நம்ம அமைப்பை ஒதுக்கி வெச்சுடும். அதுக்கு "டிடெக்ட் இன்டென்டேஷன்" என்று பேர். அதை அணைச்சுடுங்க. இது தெரியாம நாங்க ஒரு பீரியட் முழுக்க மண்டையை உடைச்சுக்கிட்டோம்.

6. கண்காட்சிக்கோ போட்டிக்கோ கொடுக்கறதுக்கு முன்னாடி பிளாக்கை "செக்" என்கிற சொல்லோட ஓட்டினா, எதையும் மாத்தாம எந்தெந்தக் கோப்பு ஒழுங்கில்லைன்னு மட்டும் சொல்லும். எல்லாம் சரின்னு வந்தாத்தான் கொடுக்கறது என்று வெச்சுக்கலாம்.

7. நோட்பேடுல நிரல் எழுதாதீங்க. இது நான் எனக்கே சொல்லிக்கறது.

இந்த ஏழும் செஞ்சா எங்க கண்காட்சி காப்பாத்தப்பட்டிருக்குமா? பாதி. டேப் எரர் வந்திருக்காது, அதனால அந்த அவசரமும் வந்திருக்காது. ஆனா முதல் நாளே ஓட்டிப் பார்க்காததுக்கு எந்தக் கருவியும் மருந்து இல்லை. அதை மறைக்க விரும்பலை.

கடைசியா என் கோரிக்கை. அடுத்த ஜூன்ல பத்தாம் வகுப்பு அண்ணன், அக்காமார் போயிடுவாங்க. நாங்க பத்தாம் வகுப்புல பரீட்சை, பரீட்சைன்னு இருப்போம். ஆய்வகம் இப்போ எட்டாம் வகுப்புல இருக்கிறவங்க கைக்குப் போகும். அவங்களுக்கு நாம எதைக் கொடுத்துட்டுப் போறோம்? திட்டையா, விதியையா? விதி ஃபோல்டருக்குள்ளே எழுதி இருந்தா, பெரியவங்க போன பிறகும் அது இருக்கும். மேல்நிலையில கணினி அறிவியல் எடுத்தா பன்னிரண்டாம் வகுப்புல பைத்தான்தான் பாடம். அங்கே போற நம்ம பிள்ளைங்க இப்பவே பழகினா நல்லதுதானே?

அதனால தலைமையாசிரியர் அவர்களையும் கம்ப்யூட்டர் டீச்சரையும் பணிவோடு கேட்டுக்கறேன். எல்லா சிஸ்டத்துலேயும் ஒரே எடிட்டரும் ஒரே அமைப்பும் போட ஒரு பீரியட் ஒதுக்குங்க. என்ன விதி என்பதை ஆறாம் வகுப்புல இருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் வகுப்புக்கு ஒருத்தரா உட்கார்ந்து ஒரு தடவை பேசி முடிவு பண்ணுவோம். சின்ன வகுப்புக்கும் ஓட்டு உண்டு. நாலு ஸ்பேஸ் வேண்டாம், வேற எதாவதுன்னு முடிவானாலும் எனக்குச் சம்மதம். ஒண்ணா இருந்தா போதும்.

நான் சொன்னது தப்புன்னு நினைக்கிறவங்க ஒரு சீட்டுல எழுதி நூலகத்துக்குப் பக்கத்துல இருக்கிற நம்ம பெட்டியில போடுங்க. அடுத்த இதழ்ல மார்ஜின் விட்டு நீல மையில வெளியிடுவோம்.

இன்னொரு சேதி. நேத்து சாயங்காலம் அந்தத் தங்கச்சி ஆய்வக வாசல் வரைக்கும் வந்தா. உள்ளே வரலை. "அந்தப் புள்ளி புள்ளியாத் தெரியுமாமே, அது எங்கேக்கா இருக்கு?"ன்னு கேட்டா. நான் காட்டறேன்னு சொன்னேன். திங்கட்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கா. அவளுக்காக ஜன்னல் பக்கத்து நாற்காலியைப் பிடிச்சு வைக்கப் போறேன். தயவுசெஞ்சு யாரும் அதுல உட்காராதீங்க.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி